தயிரைத் திரும்பப் பாலாக்க முடியுமா?

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் ஆண்டு. இரசாயனவியலும் அவளுக்கு ஒரு பாடம். இளையவன் உயர்தரம் முடித்த கையோடு சைபர் பாதுகாப்பு டிப்ளோமா ஒன்றில் சேர்ந்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு கேள்வியோடு.

"மாமா, எல்லா இரசாயனத் தாக்கமும் கொள்கையளவில் மீளக்கூடியதுதான் என்று லெக்சரர் சொல்கிறார். அப்படியென்றால் மீளாத் தாக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பிழையா?" இது அவள்.

"மாமா, ஒழுங்கான இணையத்தளம் எங்கட பாஸ்வேர்டைச் சேமித்து வைக்காதாம். வைக்கவில்லையென்றால் நான் சரியானதைத்தான் போட்டேன் என்று அதற்கு எப்படித் தெரியும்?" இது அவன்.

இரண்டும் முதல் தவணையிலேயே வருகிற கேள்விகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: முன்னே போவது எளிது, திரும்பி வருவது கடினம். இந்த எண்ணம் மனதில் பதிந்துவிட்டால் இரண்டு பாடத்திலும் பாதிப் பயம் போய்விடும் என்பது என் நம்பிக்கை. அன்றைக்கு மேசையில் படுவான்கரையிலிருந்து வந்த எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று இருந்தது. அதை வைத்தே தொடங்கினேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கறந்த பால் மடிக்கு ஏறுமா என்று கேட்பார்கள். உறைந்த தயிர் பாலாகுமா என்பது அதைவிடச் சுவையான கேள்வி. ஏனென்றால் தயிருக்குள் நடந்ததை ஒவ்வொரு படியாக எழுதிக் காட்டலாம்.

பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மோரில் இருக்கிற பற்றீரியாக்கள் செத்துவிடும், அதனால்தான் ஆறவிடுவது. அந்தப் பற்றீரியாக்களின் சாப்பாடு பாலில் இருக்கிற லக்டோசு என்ற சர்க்கரை. ஒரு லக்டோசு மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து கடைசியில் நான்கு லக்டிக் அமில மூலக்கூறுகள் ஆகின்றன. மூலர்த் திணிவைப் போட்டுப் பாருங்கள். லக்டோசு 342, நீர் 18, கூட்டினால் 360. லக்டிக் அமிலம் 90, நான்கு மடங்கு 360. ஒரு அணுகூடக் காணாமல் போகவில்லை. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டும்.

அமிலம் சேரச் சேரப் பாலின் பிஎச் பெறுமானம் இறங்குகிறது. நல்ல பால் 6.6 அளவில் இருக்கும். 4.6 ஐ நெருங்கும்போது கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. பாலில் கேசீன் துணிக்கைகள் மறை ஏற்றத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த ஏற்றத்தை நடுநிலையாக்கிவிடுகிறது, தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. 6.6 இலிருந்து 4.6, இரண்டே இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. பிஎச் என்பது மடக்கை அளவுத்திட்டம், 1909 இல் சோரன்சன் என்ற டென்மார்க் இரசாயனர் கொண்டுவந்தது. ஒரு அலகு இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு 10 மடங்கு கூடும். இரண்டு அலகு என்றால் 100 மடங்கு. முதலாம் ஆண்டில் அதிகம் பேர் சறுக்கும் இடங்களில் இது ஒன்று. எருமைப்பாலில் கொழுப்பும் கேசீனும் பசுப்பாலைவிடக் கூட இருப்பதால்தான் நம்முடைய சட்டித் தயிர் கவிழ்த்தாலும் விழாத கட்டியாக வருகிறது. மண்சட்டியின் நுண்துளைகள் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்வதும் அதற்குத் துணை.

சரி, இப்போது திரும்பிப் போவோம். மருமகள் சொன்ன முதல் வழி, அப்பச்சோடா போடுவது. அமிலத்தைச் சோடா நடுநிலையாக்கும்தானே? ஆக்கும். நுரைத்துக்கொண்டு காபனீரொட்சைட்டு வெளியேறும், புளிப்புக் குறையும், கட்டியும் இளகும். ஆனால் சட்டியில் இருப்பது பால் அல்ல. லக்டிக் அமிலம் சோடியம் லக்டேற்று என்ற உப்பாகிவிட்டது, லக்டோசு திரும்ப வரவில்லை. ஒரு தாக்கத்தின் விளைவை இன்னொரு தாக்கத்தால் மறைப்பது வேறு, அந்தத் தாக்கத்தையே பின்னோக்கி ஓட்டுவது வேறு. பரீட்சைத் தாள்களில் இந்த இரண்டையும் குழப்பி மதிப்பெண்ணை இழக்கிறவர்கள் அதிகம்.

உண்மையாகவே பின்னோக்கி ஓடும் மாற்றம் எப்படி இருக்கும்? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நீலச் செப்பு சல்பேற்றைச் சூடாக்கியது நினைவிருக்கும். நீர் போனதும் வெள்ளைத் தூளாகும். இரண்டு சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலம். அங்கே போகக் கொஞ்சம் சூடு, வரக் கொஞ்சம் நீர், இரண்டு பக்கமும் கஷ்டமில்லை.

தயிரில் அப்படியில்லை. ஒரு லீற்றர் பாலில் ஏறத்தாழ 50 கிராம் லக்டோசு இருக்கிறது. அதில் இருக்கிற மூலக்கூறுகளை எண்ணினால் 9 ஐ எழுதிப் பக்கத்தில் 22 சுழியம் போட வேண்டும். தயிராகும்போது அதில் ஒரு பகுதிதான் அமிலமாகிறது, என்றாலும் எண்ணிக்கை கற்பனைக்கு எட்டாது. லக்டோசு அமிலமானபோது சக்தி வெளியேறிவிட்டது. பற்றீரியா பிழைப்பதே அந்தச் சக்தியில்தான். திரும்ப வேண்டுமென்றால் அந்தச் சக்தியைச் சரியான இடத்தில், சரியான முறையில், ஒவ்வொரு நான்கு அமில மூலக்கூறுக்கும் கொடுக்க வேண்டும். வெறும் சூட்டைக் கொடுத்தால் தயிர் கருகும், பாலாகாது. வெப்பவுள்ளுறை, எந்திரப்பி, கிப்சின் சக்தி என்று விரிவுரையில் வரிசையாக வரப்போகிற பெயர்கள் எல்லாம் இந்தச் செலவைக் கணக்குப் பார்க்கிற வழிகள்தான். பெயரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

லெக்சரர் சொன்னதும் சரிதான். செலவு செய்ய ஆள் இருந்தால் திரும்பலாம். நம்முடைய கல்லீரலே அந்த வேலையைச் செய்கிறது. வேகமாக ஓடும்போது தசையில் குளுக்கோசு லக்டிக் அமிலமாகிறது, அது இரத்தத்தில் கல்லீரலுக்குப் போய்த் திரும்பக் குளுக்கோசாகிறது. இதைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கேர்ட்டி கோரி தம்பதிக்கு 1947 இல் நோபல் பரிசு கிடைத்தது. செலவைப் பாருங்கள். ஏரிபி என்பது கலம் சக்தியைச் செலவழிக்கிற நாணயம் போன்ற மூலக்கூறு. ஒரு குளுக்கோசு முன்னே போகும்போது கலத்துக்குக் கிடைப்பது 2 ஏரிபி. அதே அளவைத் திரும்பக் கட்ட 6 ஏரிபி வேண்டும். வரவைவிடச் செலவு மூன்று மடங்கு. எருமையும் தன் மடியில் குளுக்கோசிலிருந்து லக்டோசைக் கட்டித்தான் பாலைத் தருகிறது. அதாவது தயிருக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிற தொழிற்சாலை அது. அது ஓட நாள் முழுக்கப் புல் வேண்டும். ஆக, மீளாத் தாக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பிழையில்லை. சாதாரணமாக நாம் கொடுக்கக்கூடிய செலவுக்குள் திரும்பாது என்பதுதான் அந்தச் சொல்லின் முழுப் பொருள்.

இளையவன் இவ்வளவு நேரமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "இதற்கும் என் கேள்விக்கும் என்ன, மாமா?"

நீங்கள் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கும்போது கொடுக்கிற கடவுச்சொல்தான் பால். தளம் அதை ஹாஷ் என்ற ஒரு கணக்குக்குள் போட்டுத் தயிராக்கி, தயிரை மட்டும் வைத்துக்கொண்டு பாலை வெளியே ஊற்றிவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் உள்ளே வரும்போது கொண்டுவருகிற பாலையும் அதே முறையில் உறைய வைத்துப் பார்க்கிறது. இரண்டு தயிரும் ஒன்று என்றால் கதவு திறக்கும். அவனுடைய கேள்விக்கு விடை இவ்வளவுதான். தளத்துக்கு உங்கள் கடவுச்சொல் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கொண்டுவந்தது அன்று கொடுத்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கையாலேயே ஒரு சின்ன ஹாஷ் செய்து பார்க்கலாம். ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுத்து 97 ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 4729 ஐ எடுத்தால், 97 ஐ 48 தடவை கழித்த பிறகு மீதி 73. இப்போது காகிதத்தில் 73 மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிறவருக்கு 4729 என்று தெரியுமா? 0073, 0170, 0267 என்று தொடங்கி 9967 வரை 103 எண்கள் அதே மீதியைத் தரும். எது என்று சொல்ல வழியில்லை.

தயிருக்கும் ஹாஷுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 360 க்கு 360 என்று சொன்னேனே, தயிரில் ஒரு அணுவும் தொலையவில்லை, திரும்பக் கட்டும் செலவுதான் தடை. வகுத்து மீதி எடுத்தபோது ஈவை எறிந்துவிட்டோம். தகவலே போய்விட்டது. உவமையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வது உவமையைவிட முக்கியம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரே பாலில் இரண்டு சட்டி உறைய வைத்தால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இராது. ஹாஷ் அப்படியில்லை, ஒரே சொல்லுக்கு எத்தனை முறை போட்டாலும் ஒரே விடைதான். அப்படி இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

97 ஆல் வகுப்பது விளையாட்டு ஹாஷ். இதில் இரண்டு குறை. முதலாவது, 73 ஐத் தரும் ஏதாவது ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பது மிக எளிது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மீதி 73 வந்தால் கதவு திறந்துவிடும் அல்லவா? இரண்டாவது, 4729 க்கு 73 என்றால் 4730 க்கு 74 என்று ஊகித்துவிடலாம். உண்மையான ஹாஷ்களில் இந்த இரண்டும் நடக்காதபடி எண்களைப் பல சுற்றுகள் புரட்டிக் கலக்குகிறார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது ஷா-256. எவ்வளவு நீளமான சொல்லைப் போட்டாலும், முழுப் புத்தகத்தையே போட்டாலும், விடை 256 பிட்தான், அதாவது 0 அல்லது 1 ஆக 256 இலக்கங்கள். 'கல்லடி' என்று போட்டு வந்ததற்கும் 'கல்லாடி' என்று போட்டு வந்ததற்கும் ஒரு ஒற்றுமையும் தெரியாது. ஒரு கால் மாறினால் விடையின் பிட்களில் ஏறத்தாழ பாதி மாறிவிடும். பாடப்புத்தகங்கள் இதைப் பனிச்சரிவு விளைவு என்கின்றன. பனியே காணாத நமக்கு அந்தப் பெயரில் ஒன்றும் தோன்றாது, ஆனால் பரீட்சைக்கு எழுதத்தான் வேண்டும்.

எல்லா ஹாஷும் என்றைக்கும் தாங்கும் என்றும் இல்லை. எம்டி5 என்பதை ரொன் ரிவெஸ்ட் 1992 இல் வெளியிட்டார். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே விடை வரவைக்கலாம் என்று சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யூனின் குழு 2004 இல் காட்டியது. ஷா-1 க்கு அதே கதி 2017 இல் வந்தது. பாடத்தில் பழைய பெயர்கள் வந்தால் வரலாறாகப் படியுங்கள், புதிய வேலைக்கு எடுக்காதீர்கள்.

சரி, திருடன் எப்படி வருவான்? தயிரைப் பாலாக்க அவன் முயல்வதேயில்லை. அவனே ஆயிரம் விதமான பாலை உறைய வைத்துப் பார்க்கிறான். ஊகிக்கிற ஒவ்வொரு சொல்லையும் ஹாஷ் செய்து, திருடிய பட்டியலில் அந்த விடை இருக்கிறதா என்று தேடுகிறான். ஆங்கிலச் சிறிய எழுத்தில் 8 எழுத்துச் சொல் என்றால் மொத்தம் 20,000 கோடிக்குக் கொஞ்சம் மேலான வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் கணினி விளையாட்டுக்காக வாங்குகிற நல்ல வரைகலை அட்டை ஒன்று ஷா-256 ஐ ஒரு வினாடிக்கு 1,000 கோடி முறை போடும். அரை நிமிடத்துக்குள் முழுவதும் முடிந்துவிடும்.

இதற்குச் சைபர் பாதுகாப்புக்காரர்கள் கண்ட வழிகளில் ஒன்றின் பெயர் உப்பு. ஆங்கிலப் பெயர் சோல்ட், அதே சமையல் உப்புத்தான். 1979 இல் ரொபர்ட் மொரிஸ், கென் தொம்சன் என்ற இருவர் யுனிக்ஸ் கணினிகளுக்காக இதை விளக்கி எழுதினார்கள். ஒவ்வொரு பயனருக்கும் தற்செயலான ஒரு எழுத்துக்கோவையை உருவாக்கி, அதைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹாஷ் செய்வது. வாழைச்சேனையில் ஒருவரும் கல்முனையில் ஒருவரும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். உப்பில்லாவிட்டால் இருவருக்கும் ஒரே ஹாஷ், ஒன்று உடைந்தால் இரண்டும் உடையும். உப்புப் போட்டால் இரண்டு விடையும் வேறு வேறு. திருடன் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிற அட்டவணைகளும் பயனற்றுப் போகும். 2012 இல் லிங்டின் தளத்திலிருந்து திருடப்பட்ட 65 இலட்சம் ஹாஷ்கள் வெளியில் வந்தபோது அவற்றில் உப்பு இல்லை. மிகப் பல விரைவிலேயே உடைந்தன.

உப்பு இரகசியமா என்று மருமகன் கேட்டான். இல்லை. ஹாஷுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை எப்படி அதே உப்பைப் போடுவது? உப்பின் வேலை ஒளிப்பது அல்ல, ஒவ்வொரு சட்டியையும் தனித்தனியாக உடைக்க வைப்பது.

இரண்டாவது வழி, மருமகளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. உறைமோர் ஊற்றிய பாலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துத் தயிராக விட்டால் என்ன ஆகும்? மிக மெல்ல நடக்கும். தாக்கம் எந்தப் பக்கம் போகும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாகப் போகும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதைத் தாக்கவீதம், ஏவற்சக்தி என்ற தலைப்பில் படிப்பீர்கள். கடவுச்சொல்லுக்கும் வேண்டுமென்றே மெதுவாக்கிய ஹாஷ்கள் உண்டு. 1999 இல் வந்த பிகிரிப்ட் ஒன்று. 2015 இல் இதற்கென்றே நடந்த போட்டியில் வென்ற ஆர்கன்2 இன்னொன்று. ஒரு ஹாஷுக்குக் கால் வினாடி எடுக்கும்படி வைத்தால், உள்ளே வருகிற உங்களுக்கு அது தெரியாது. திருடனுக்கு அந்த 20,000 கோடியையும் ஒரு கணினியில் முடிக்க 1,600 ஆண்டுக்கு மேல் ஆகும். 1,000 கணினி போட்டால் ஒன்றரை ஆண்டுக்கு மேல். அதனால் மெதுவாக்குவது மட்டும் காப்பாற்றிவிடும் என்று இருக்கக் கூடாது.

அதுவும் நீங்கள் தற்செயலான எழுத்துகளைத் தேர்ந்திருந்தால்தான். பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைப்பதுதான் நம் வழக்கம். 10,000 பெயர், 100 ஆண்டு, பெருக்கினால் 10 இலட்சம். கால் வினாடி ஹாஷாக இருந்தாலும் ஒரே கணினிக்கு மூன்று நாள் வேலை. பிள்ளையின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்திருக்கிற பெற்றோர் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வைப்பது நினைவிலும் நிற்கும், உடைப்பதும் கடினம். ஒரு தளத்தில் வைத்ததை இன்னொரு தளத்தில் வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்தில் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று அழுத்தினேன். என் பழைய கடவுச்சொல்லையே அப்படியே எழுதி மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். மறந்தது கிடைத்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். பிறகுதான் யோசித்தேன், தயிர் மட்டும் இருந்தால் பாலை எப்படித் திருப்பித் தருவார்கள்? பாலையே வைத்திருந்திருக்கிறார்கள். புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற தளம்தான் ஒழுங்காகச் செய்கிறது. இந்த ஒரு அடையாளத்தைப் பாடம் படிக்காதவர்களும் பார்த்துக்கொள்ளலாம்.

சைபர் பாதுகாப்புப் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். ஹாஷ் உடைக்கும் பயிற்சியை நீங்களே உருவாக்கிய ஹாஷ்களில், உங்கள் கணினியில் மட்டும் செய்யுங்கள். அனுமதியில்லாமல் பிறருடைய கணக்குக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி நம் நாட்டில் குற்றம். படிப்பதற்காகச் செய்தேன் என்பது சட்டத்துக்கு முன் நிற்காது. ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தலைத் தொடுமுன் கண்ணாடி போடச் சொல்வது போலத்தான் இதுவும்.

சாப்பிட்டு முடித்து எழும்பும்போது இளையவன் திரும்பவும் வந்தான். "உப்பும் திருடன் கையில் போய்விடுகிறதே மாமா, இரகசியமாக ஒன்றைச் சேர்க்கவே முடியாதா?" முடியும். எல்லாக் கடவுச்சொல்லுக்கும் பொதுவாக ஒரு இரகசிய எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்வார்கள். அதை ஹாஷும் உப்பும் இருக்கிற தரவுத்தளத்தில் வைக்காமல் வேறொரு இடத்தில் பூட்டி வைப்பார்கள். தரவுத்தளத்தை மட்டும் திருடியவனுக்கு அது கிடைக்காது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பெப்பர், மிளகு.